வுட்ஸ்டாக் ஆவணப்படம் (1970): 9 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? எதை, எப்படி?

பாடவேளை:
வணக்கம். பள்ளித் திரைப்பட மன்றத்தில் வியட்நாம் போர்க்காலம் பற்றி ஒரு தொடர் நடக்கவிருக்கிறது. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றி மைக்கேல் வாட்லி இயக்கிய ஆவணப்படத்தை அதில் சேர்க்கலாமா வேண்டாமா என்று இரண்டு கருத்து ஓடுகிறது. பார்க்கப்போகிறவர்கள் 14 முதல் 17 வயது வரை. அரங்கம் ஓர் அமர்வுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். அமெரிக்காவில் படத்துக்கு 'ஆர்' சான்று. 17 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கூட இருக்க வேண்டும். ஏன் அந்தச் சான்று என்று ஒரு வரிகூட இல்லை. போர் எதிர்ப்புக்காகவா, நிர்வாணத்துக்காகவா, போதைக்காகவா, கெட்ட வார்த்தைக்காகவா? படத்தை நன்றாக அறிந்தவர்கள் காட்சி காட்சியாகச் சொல்லுங்கள். "நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

படச்சுருள்:
காரணம் எழுதப்படாததற்குக் காலம்தான் காரணம். அமெரிக்கச் சான்று முறை 1968இல் வந்தது. 'இன்ன காரணத்துக்காக' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கும் வழக்கம் 1990இல்தான் தொடங்கியது. 13 வயதுக்கான இடைப்பட்ட சான்று வந்ததும் 1984இல்தான். ஆகவே 1970இல் வெளியான படத்தின் சான்றை வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியாது. இணையத் தளங்களில் இப்போது காட்டும் 16+, 18+ போன்ற குறிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்தியாவில் 2021 விதிகளின்படி அந்த வகைப்பாட்டைத் தளமே செய்துகொள்கிறது; தணிக்கை வாரியம் பார்த்துத் தருவது அல்ல.

அடுத்தது, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 1970 திரையரங்குப் பதிப்பு ஏறத்தாழ 185 நிமிடம். 1994 இயக்குநர் பதிப்பு ஏறத்தாழ 224 நிமிடம். பாடகி ஜானிஸ் ஜாப்ளின், ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழு எல்லாம் அதில்தான் வருகிறார்கள். சேர்த்தவை கடைசியில் ஒட்டப்படவில்லை, படத்தின் நடுநடுவே நுழைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு பதிப்புக்கு எழுதிய நிமிடக் குறிப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

ஐரோப்பிய டிவிடி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். அங்கே தொலைக்காட்சி முறை 25. டிவிடியில் படம் 4 விழுக்காடு வேகமாக ஓடும். 185 நிமிடப் படம் ஏறக்குறைய 178இல் முடியும். ப்ளூரேயில் 100ஆவது நிமிடத்தில் வரும் காட்சி டிவிடியில் 96இலேயே வந்துவிடும். "இந்த நிமிடத்திலிருந்து இந்த நிமிடம் வரை ஓட்டிவிடு" என்று பட்டியல் போட்டு வைத்தவர், பிள்ளைகள் முன்னால் சரியாக உடையில்லாமல் குளிக்கும் குளக்காட்சியில் போய் நிற்பார். நிமிடத்தை வைத்துக் குறிக்காதீர்கள். பாட்டையும் பாடகரையும் வைத்துக் குறியுங்கள்.

ஒலிப்பெட்டி:
வேக மாற்றத்தில் சுருதியும் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். இசை பயிலும் பிள்ளைகள் கூட வாசித்துப் பார்த்தால் சேராது. முடிந்தவரை ப்ளூரேயையே பயன்படுத்துங்கள்.

கிட்டார்_நரம்பு:
நான்கு காரணங்களையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படத்தில் அவற்றைப் பிரிக்கவே முடியாது. கண்ட்ரி ஜோ மெக்டொனால்ட் வரும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கையில் ஒரு கிட்டார், பின்னால் இசைக்குழு இல்லை, ராணுவச் சட்டை போட்டுத் தனியாக மேடையில் நிற்கிறார். முதலில் கூட்டத்தை எழுத்து எழுத்தாகக் கத்தச் சொல்கிறார். அவருடைய குழுவின் பெயரான 'மீன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் முன்பெல்லாம் அப்படிக் கத்த வைப்பார்கள். 1968இல் அது நாலெழுத்துக் கெட்ட வார்த்தையாக மாறியது. இந்த மேடையிலும் அதுதான். லட்சக்கணக்கானோர் ஒரே குரலில் கத்துகிறார்கள். அது முடிந்த கையோடு பாட்டு. வியட்நாமுக்கு ஆள் சேர்க்கும் சந்தைக் கூவல் மாதிரி அமைந்த பாட்டு அது. பெற்றோரையும் ஜெனரல்களையும் பங்குச் சந்தைக்காரர்களையும் வரிசையாகக் கூப்பிட்டு, மகனை அனுப்புங்கள், தெருவில் முதல் சவப்பெட்டி உங்கள் வீட்டுக்கே வரட்டும் என்கிறது. துள்ளல் மெட்டு. திரையின் கீழே பாடல் வரிகள் ஓடும்; எழுத்துக்கு எழுத்து ஒரு புள்ளி குதித்துக்கொண்டே போகும். குழந்தைகளுக்குப் பாட்டு கற்றுத்தருவதுபோல.

இதில் ஒலியை நிறுத்திப் பயனில்லை, வரிகள் திரையிலேயே இருக்கின்றன. வரிகளை மறைத்தாலும் பயனில்லை. நடுவில் அவர் பாட்டை நிறுத்தாமலே கூட்டத்தைத் திட்டுகிறார்: இவ்வளவு மெதுவாகப் பாடினால் போரை எப்படி நிறுத்துவீர்கள், இங்கே 3 லட்சம் பேர் இருக்கிறீர்களே என்று. அந்த 3 லட்சத்துக்கு அடுத்த சொல்தான் மறுபடி அந்தக் கெட்ட வார்த்தை. உட்கார்ந்திருந்த கூட்டம் அலை அலையாக எழுந்து நிற்கிறது. படத்தின் போர் எதிர்ப்பு உச்சிக்குப் போகும் வாக்கியமும் வசைச்சொல் வரும் வாக்கியமும் ஒன்றுதான். வசையை வெட்டினால் போர் எதிர்ப்பும் சேர்ந்து போய்விடும்.

பாடுகிறவர் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்தவர் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லையென்றால் ராணுவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் பாடும் கேலிப்பாட்டு என்று நினைத்துவிடுவார்கள். பாட்டு சிப்பாயைக் கேலி செய்யவில்லை. அவனை அனுப்புகிறவர்களைத்தான் செய்கிறது.

கண்டிப்பு:
நீங்கள் சொல்வதே 9ஆம் வகுப்புக்கு வேண்டாம் என்பதற்குக் காரணமாகிறது, நண்பரே. 14 வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய் எதைச் சொல்லும்? போரைப் பற்றிச் சொல்லாது. லட்சம் பேர் கெட்ட வார்த்தை கத்தியதைத்தான் சொல்லும். அந்தப் பாட்டில் இருக்கும் வஞ்சப்புகழ்ச்சி புரிய வேண்டுமென்றால் கட்டாய ஆள்சேர்ப்பு என்றால் என்ன, யார் யாரை அனுப்பினார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் காதில் அது "எல்லாரும் சாகப்போறோம், ஜாலி" என்றுதான் விழும்.

போதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கஞ்சாவைக் கடத்திக் கொண்டுவரும் ஆர்லோ கத்ரியின் பாட்டுக்கு மேல், கையில் சுருட்டிப் பிடிக்கும் காட்சிகளை வரிசையாகத் தொகுத்திருக்கிறார்கள். சிரிப்பும் கொண்டாட்டமுமாகத்தான் அது இருக்கிறது. அதன் விளைவு என்னவென்று அந்த இடத்தில் படம் காட்டவே இல்லை. 12ஆம் வகுப்புக்குக் காட்டுங்கள், தடையில்லை. 9க்கும் 10க்கும் சேர்த்துப் போடுவது சரியல்ல.

படச்சுருள்:
கண்டிப்பு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கேட்ட பட்டியல் இதோ, மறைக்காமல்.

நிர்வாணம்: குளத்தில் ஆணும் பெண்ணும் உடையில்லாமல் குளிக்கும் நீண்ட காட்சி உண்டு. கிளர்ச்சியூட்ட எடுத்தது அல்ல, ஆனால் மறைவும் இல்லை. தொலைவிலிருந்து, ஒரு ஜோடி உடை களைந்து உயரமான புல்லுக்குள் போவது ஒன்று, சுருக்கமானது. இவை தவிர, எந்தப் பாட்டுக்கு நடுவிலும் கூட்டத்தைக் காட்டும்போது உடையில்லாதவர்கள் வந்துபோகலாம். "சந்தானா குழுவின் வாத்திய இசைதானே, பயமில்லை" என்று முன்பார்வை பார்க்காமல் போடாதீர்கள்.

பேச்சு: சேர்ந்து வாழும் இளம் ஜோடியின் நேர்காணல் ஒன்று உண்டு. உடல் உறவு பற்றி மிக இயல்பாகப் பேசுகிறார்கள். திரையில் எதுவும் இல்லை, ஆனால் துணைத்தலைப்பு வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் புரியும்.

போதை: கஞ்சா ஏராளம். எல்எஸ்டி பற்றி மேடை அறிவிப்பு வருகிறது: பழுப்பு நிற மாத்திரை சரியில்லை, தள்ளியே இருங்கள் என்று. வயதுச் சான்றுக்குப் பாதகமான காட்சிதான். ஆனாலும் விவாதத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தடுக்கவும் முடியாமல் ஒப்பவும் முடியாமல் ஒரு அறிவிப்பாளர் தவிக்கிறார். விழாவில் ஒருவர் போதையால் இறந்தார். உறக்கப்பையில் தூங்கிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவன் டிராக்டர் ஏறி இறந்தான். படத்தின் கொண்டாட்டத்தில் இவை அடிபட்டுப் போகின்றன. படம் சொல்லாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வன்முறை: இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். மூன்று மணி நேரப் போர் எதிர்ப்புப் படத்தில் ஒரு போர்க்காட்சிகூட இல்லை. வியட்நாம் இல்லை, ஒரு வியட்நாமியர்கூட இல்லை.

முன்பார்வை பார்க்கும்போது இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்தப் படம் திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்து ஒரே நேரத்தில் வேறுவேறு காட்சி காட்டும். தெல்மா ஸ்கூன்மேக்கர் படத்தொகுப்புக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதே இதற்காகத்தான் என்று சொல்லலாம். தொகுப்பாளர்களில் மார்ட்டின் ஸ்கோர்செசியும் ஒருவர். முன்பார்வைக்காரர் கண் பாடகர் இருக்கும் இடது சட்டகத்தில் நிற்கும். பின்வரிசைப் பையன் கண் வலது சட்டகத்தில் நிற்கும். அதனால் பிரிந்த திரைப் பகுதிகளை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், ஒருமுறை இடதுபக்கம், ஒருமுறை வலதுபக்கம். கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ முன்பார்வை பார்க்க வேண்டாம். அங்கே கட்டைவிரல் அளவில் தெரிந்த சட்டகம் அரங்கத் திரையில் ஆளுயரம் இருக்கும்.

பாடவேளை:
மிகவும் நன்றி. அப்படியென்றால் 9, 10க்குத் தனியாகச் சில பகுதிகளை மட்டும் காட்டினால்? வசையில்லாமல், போதையில்லாமல், போர் எதிர்ப்பு மட்டும் தெரியும்படி அதில் ஏதாவது இருக்கிறதா?

பழைய_வானொலி:
இருக்கிறது, ஐயா. ஆனால் அது பாட்டில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது.

நடமாடும் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒரு நடுவயதுத் தொழிலாளி. படக்குழு அவர் பின்னாலேயே போகிறது. அவர் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறார், தொட்டியை உறிஞ்சி எடுக்கிறார், தண்ணீர் அடிக்கிறார், காகிதம் வைக்கிறார். முகத்தில் அருவருப்போ கோபமோ இல்லை. இந்தப் பிள்ளைகளுக்காக இதைச் செய்வதில் மகிழ்ச்சி என்கிறார். பேச்சுவாக்கில் சொல்கிறார்: என் மகன் ஒருவனும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான், இன்னொருவன் வியட்நாமில் இருக்கிறான், ராணுவமற்ற மண்டலத்தின் பக்கம் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். சொல்லிவிட்டு அடுத்த கதவைத் திறக்கப் போய்விடுகிறார். அவ்வளவுதான். சோக இசை கிடையாது, முகத்தை நெருங்கிப் போகும் காட்சி கிடையாது.

இரண்டு மகன்களும் இரண்டு இடத்தில், நடுவில் தந்தை. 13 வயதுப் பிள்ளைக்கும் புரியும். எந்தச் சான்றுக் குழுவும் கணக்கில் எடுக்காத இடம் இது. சான்று சொல்லை எண்ணும், உடம்பை எண்ணும். இந்தத் தகப்பனை எண்ணத் தெரியாது. படத்தின் முழுப் போர் எதிர்ப்பும் என் மதிப்பில் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

காட்டிய பிறகு ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலைகள் அடைபட்டதால் கலைஞர்கள் விழாவுக்கு ஹெலிகாப்டரில்தான் வந்து இறங்கினார்கள். கூட்டம் பெருகியபோது ராணுவம் மருத்துவ உதவியை ஹெலிகாப்டரில் அனுப்பியது. அவர்கள் நம்மோடு இருக்கிறார்கள், நமக்கு எதிராக அல்ல என்று மேடையில் அறிவிக்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. அதே நேரம் அந்தத் தொழிலாளியின் மகன் அங்கே ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மூன்று இடத்திலும் ஒரே இயந்திரம். பிள்ளைகளே இதைக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அதோடு ஜோன் பேயஸ் பகுதி. அப்போது அவர் கர்ப்பிணி. ராணுவத்தில் சேர மறுத்ததற்காகக் கணவர் டேவிட் ஹாரிஸ் சிறையில் இருக்கிறார். அதை மேடையில் அமைதியாகச் சொல்லிவிட்டு, 1915இல் யூட்டாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில்லைப் பற்றிய பாட்டைப் பாடுகிறார். ஒரு வசை இல்லை, ஒரு கூச்சல் இல்லை. எந்த வகுப்புக்கும் போடலாம்.

கிட்டார்_நரம்பு:
ரிச்சி ஹேவன்ஸையும் சேருங்கள். விழாவைத் தொடங்கியவர். அவர் பாடும் போர்ப்பாட்டில் ஒரே பையன் சரணத்துக்குச் சரணம் வேறுவேறு போருக்கு நடந்து போகிறான்: கான்கார்ட், கெட்டிஸ்பர்க், டன்கர்க், கொரியா, வியட்நாம். கையிலிருக்கும் ஆயுதம் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. கடைசியில் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்கும் போகிறான், அங்கே நடந்தது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். பலகையில் ஆறு இடங்களின் பெயரையும் எழுதி, பக்கத்தில் ஆண்டைப் பிள்ளைகளையே நிரப்பச் சொல்லலாம். வரலாற்று ஆசிரியரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

வன்னிக்காற்று:
ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்ல. கடைசியில வாற ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பகுதியில வசையும் இல்லை, நிர்வாணமும் இல்லை எண்டு அதை 'பாதுகாப்பானது' எண்டு போட்டுடுவீங்கள். சத்தம் இருக்கு. குண்டு கீழ விழுற சத்தம், வெடிக்கிற சத்தம், ஆக்கள் அலறுற மாதிரிச் சத்தம், எல்லாம் கிட்டாரில. பெரிய ஒலிபெருக்கியில இருட்டுக்குள்ள அது திடீரெண்டு வந்தா, ஷெல்லடியும் கிபிர் விமானமும் கேட்டு வளர்ந்த ஆக்கள் அரங்கில இருந்தா, அவைக்கு அது இசையா இருக்காது. பிள்ளையளிட்டையும் பெற்றாரிட்டையும் முதலே சொல்லுங்கோ. விளக்கை முழுக்க அணைக்காதேங்கோ, வெளியில போற கதவு தெரியவேணும். சத்தத்தை மற்றப் பாட்டுகளை விடக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ. போக வேணுமெண்டு எழும்புற பிள்ளையை ஏன் எண்டு கேக்க வேண்டாம்.

வயசுச் சான்று எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரித்தான் பார்க்கும். யுத்தம் பார்த்த வீட்டில இருந்து வாற 17 வயசுப் பிள்ளைக்கு இது பாரமா இருக்கலாம், பாக்காத 13 வயசுப் பிள்ளைக்கு ஒண்டுமே இல்லாம இருக்கலாம்.

கிட்டார்_நரம்பு:
வன்னிக்காற்று சொன்னது மிக முக்கியம், நன்றி அக்கா. அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று முன்னதாக விளக்கிவிட்டால் திடுக்கிடல் பாதி குறையும்.

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமைக் காலை. விழா ஞாயிறோடு முடிந்திருக்க வேண்டியது, இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போயிற்று. ஹென்ட்ரிக்ஸுக்கு வெள்ளைத் தோல் மேலாடை, தலையில் சிவப்புத் துணி, கையில் வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர். வலது கைக்காரர்களுக்கான கிட்டாரை இடது கைக்காரர் திருப்பிப் பிடித்திருக்கிறார். வாசிப்பது அமெரிக்க தேசிய கீதம். அந்தக் கீதமே ஒரு குண்டுவீச்சைப் பற்றியதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1814இல் மெக்ஹென்றி கோட்டையைப் பிரிட்டன் தாக்கியபோது எழுதியது. ராக்கெட் ஒளியும் வானில் வெடிக்கும் குண்டும் வரிகளிலேயே இருக்கின்றன. ஹென்ட்ரிக்ஸ் செய்தது, அந்த வரிகள் வரும் இடத்தில் மெட்டை விட்டுவிட்டு வரி சொல்லும் பொருளையே வாசித்தது.

செய்முறை இது. ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி ஏற்றிவைத்து அதன் முன்னால் நின்றால், வெளிவரும் ஒலியே நரம்பைத் திரும்ப அதிர வைக்கும். விரல் மீட்டாமலே சுரம் ஊளையிடும். அந்த நேரத்தில் கிட்டாரில் நரம்புகளைத் தாங்கும் பாலத்தில் இருக்கும் நெம்புகோலைக் கீழே அழுத்தினால் எல்லா நரம்பும் ஒன்றாகத் தளரும், சுரம் மேலிருந்து சரியும். விழும் குண்டு அதுதான். காலடிக் கருவிகள் ஒலியைச் சிதைத்து வெடிப்பாக்குகின்றன. பிறகு திடீரென்று எல்லாச் சிதைவும் அடங்கி, ராணுவ இறுதிச் சடங்கில் ஊதும் எக்காளத்தின் சில சுரங்கள் தெளிவாக வருகின்றன. 24 சுரம் கொண்ட சிறிய மெட்டு அது. பிறகு கீதம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சவ அடக்கத்தை தேசிய கீதத்துக்குள் வைத்திருக்கிறார், ஒரு சொல்லும் சொல்லாமல்.

இதைத் தேச அவமதிப்பு என்று சொல்லிவிட்டு நகர வேண்டாம். அவர் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் 1961, 62இல் பணியாற்றியவர். பின்னால் தொலைக்காட்சியில் கேட்டபோது, தனக்கு அது அழகாகவே பட்டது என்றார். வகுப்பில் இரண்டு பக்கமும் பேச வையுங்கள்.

நூல்நிலையம்:
படத்துக்கு முன் இருபது நிமிடப் பின்னணி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போடும்போதுதான் கண்டிப்பு சொன்ன கோளாறு வருகிறது. சொல்ல வேண்டியவை இவ்வளவுதான்:

அன்றைய அமெரிக்க இளைஞன் 18 வயதில் ராணுவப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அழைப்பு வந்தால் போக வேண்டியிருந்தது. ஆனால் வாக்குரிமை 21 வயதில்தான். வாக்கு வயதை 18 ஆக்கிய 26ஆவது திருத்தம் 1971இல் வந்தது. ஆகவே படத்தில் தெரியும் பையன்களில் பலர் போருக்கு அனுப்பப்படலாம், அனுப்பும் அரசைத் தேர்ந்தெடுக்க முடியாது. கல்லூரி மாணவர்களுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது. வசதி குறைந்தவர்கள் அதிகம் போனார்கள். 1969 வசந்தத்தில் வியட்நாமில் அமெரிக்கத் துருப்புகள் 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டி உச்சத்தில் இருந்தன. விழா முடிந்து மூன்றரை மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, யாரை முதலில் படைக்கு அழைப்பது என்று முடிவு செய்ய, 366 பிறந்தநாள்களை நீலப் பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. வகுப்பில் ஒரு பெட்டியில் தேதிகளைப் போட்டு ஐந்தே ஐந்து சீட்டு எடுத்துப் பாருங்கள், பிறகு கண்ட்ரி ஜோ பாட்டு கேலிக்கூத்தாகக் கேட்காது. வியட்நாமியர் தரப்பு படத்தில் இல்லை என்று படச்சுருள் சொன்னதையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். அமெரிக்கர் 58 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பதோடு நிறுத்தினால் அது பாதிக் கணக்கு. வியட்நாமியர் பல லட்சம் பேர்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு நெருக்கமான வாசலும் இருக்கிறது. விழாவின் தொடக்கத்தில் ஆசியுரை ஆற்றியவர் சுவாமி சச்சிதானந்தா, கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த தமிழர். அவர் பேசியது ஒலியின் ஆற்றலைப் பற்றி. போர்க்களத்திலும் ஒலிதான் பயன்படுகிறது, போர் வாத்தியத்தின் முழக்கம் இல்லாவிட்டால் மனிதன் தன் சகோதரனைக் கொல்லும் விலங்காக மாட்டான் என்ற பொருளில் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் இதைச் சொன்னார், திங்கட்கிழமை ஹென்ட்ரிக்ஸ் போர் வாத்தியத்தைக் கிட்டாரில் பிரித்துப் போட்டார். அவருடைய பேச்சு முழுதாகப் படத்தில் கிடைக்காது. எழுத்து வடிவில் எடுத்து ஒரு மாணவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

கண்டிப்பு:
பின்னணியும் தேர்ந்த பகுதிகளும் என்றால் என் எதிர்ப்பு பெரும்பாலும் இல்லை. ஒன்று மட்டும். ஊர்க்காரர்கள் பேசும் நேர்காணல்களை வெட்டாதீர்கள். ஒருவர் இந்தக் கூட்டம் ஊரையே கெடுத்துவிட்டது என்று கொதிக்கிறார். காவல்துறை அதிகாரி ஒருவர் பிள்ளைகள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று பாராட்டுகிறார். நிலத்தைக் கொடுத்த மேக்ஸ் யாஸ்கர் பால் பண்ணைக்காரர், குடியரசுக் கட்சிக்காரர். மேடையேறி, தான் ஒரு விவசாயி என்று தொடங்கி அந்த இளைஞர்களை வாழ்த்துகிறார். பெரியவர்களின் சண்டையும் படத்துக்குள்ளேயே நடக்கிறது என்று தெரிந்தால் பெற்றோர் சமாதானமாவார்கள்.

ஒலிப்பெட்டி:
முழுப்படம் வேண்டாம் என்றால் மாற்று: 2021இல் வந்த 'சம்மர் ஆஃப் சோல்'. அதே 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த விழா, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், 13 வயதுச் சான்று. வியட்நாமை விட வறுமை, இன உரிமை அதிகம். நீல் யங்கின் 2008 ஆவணப்படம் ஒன்றும் உண்டு, இராக் போருக்கு எதிரான 2006 சுற்றுப்பயணம் பற்றியது. அட்லாண்டாவில் பார்வையாளர்கள் கூச்சலிட்டு வெளியேறுவதெல்லாம் அதில் வருகிறது. அதில் உண்மையான போர்க்காட்சிகளும் போரிலிருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். வுட்ஸ்டாக்கைவிட அது கனமானது, வன்னிக்காற்று சொன்ன காரணத்தால் இன்னும் கவனம் தேவை.

பாடவேளை:
எல்லோருக்கும் நன்றி. இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

9, 10: இருபது நிமிடப் பின்னணி, சீட்டுக் குலுக்கல். பிறகு ஹேவன்ஸ், பேயஸ், ஊர்க்காரர் நேர்காணல்கள், கழிப்பறைத் தொழிலாளி, ஹென்ட்ரிக்ஸ். பகுதிகள் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

11, 12: திரையரங்குப் பதிப்பு இரண்டு அமர்வாக. குளக்காட்சியும் புல்வெளிக் காட்சியும் மட்டும் தாண்டப்படும். அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். கண்ட்ரி ஜோ வெட்டில்லாமல். பெற்றோருக்கான கடிதத்தில் வசை, கஞ்சா, எல்எஸ்டி அறிவிப்பு, உறவு பற்றிய பேச்சு, குண்டு ஒலி ஆகியவை தனித்தனி வரியாக இருக்கும். "சில காட்சிகள் பொருத்தமற்றவை" என்று பொதுவாக எழுதப்போவதில்லை.

படச்சுருள்:
நல்ல ஏற்பாடு. இரண்டு திருத்தம். வீட்டு வட்டின் உரிமம் வீட்டில் பார்க்கத்தான். மன்றத்தில் போட உரிமையாளரின் அனுமதி தேவையா என்று நிர்வாகத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் தொடங்கினால் நேரம் போதாது. பகுதிகளைத் தாண்டும்போது தொலையியக்கியால் வேகமாக ஓட்டாதீர்கள். ஓடும் வேகத்திலும் குளம் தெரியும், அரங்கம் சிரிக்கும், அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் ஏறாது. அத்தியாயப் பட்டியலிலிருந்து அடுத்த பாட்டுக்கு நேராகத் தாவுங்கள், தாவும் நொடியில் ஒளிவீழ்த்தியின் வில்லையை மூடிவையுங்கள்.

பழைய_வானொலி:
ஹென்ட்ரிக்ஸின் கீதம் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், ஐயா. தொடர்ந்து வாசித்துக்கொண்டே போவார். திரையில் காலியான மைதானம் வரும். சேறு, நனைந்த போர்வைகள், ஒற்றைச் செருப்புகள், குப்பை பொறுக்கும் சிலர். அது ஓடி முடியட்டும், பிறகு விளக்கைப் போடுங்கள். பிள்ளைகள் முதல் கேள்வி கேட்கும்வரை யாரும் ஒலிவாங்கியை எடுக்க வேண்டாம்.